வெயில் நிலம் – 9: தாது வருஷமும் குச்சிக்கிழங்கும்

சென்ற பகுதியைக் கஞ்சமலை அடிவாரத்தில் நிறுத்தியிருந்தோம். சேலத்துக்கு மேற்கே நிற்கும் அந்த மலையின் இரும்புப் பாறை வரிவரியாக இருப்பதையும், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் கரைந்திருந்த இரும்பு அடியில் படிந்து உண்டானவை அந்த வரிகள் என்பதையும் பார்த்தோம். வெயிலை உணவாக்கக் கற்றுக்கொண்ட நுண்ணுயிர்கள் அந்தப் படிதலில் பெரும்பங்கு வகித்தன என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. சேலத்து இரும்பே ஒருவகையில் பழைய வெயிலின் பதிவேடுதான்.

இந்தப் பகுதியில் நம் கொள்ளுப்பாட்டன் காலத்துக்கு இறங்கி வருவோம். கடந்த 150 ஆண்டுகளில் இதே சமவெளியில் வெயில் மனிதனின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்த கதையும், ஒருமுறை சேராமல் போன கதையும் இது.

முதலில் வெயிலின் அளவைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே சேர்வராயன், கிழக்கே கல்வராயனும் கொல்லிமலையும், மேற்கே வளைந்து தெற்கே போகும் காவிரி. இவற்றுக்கு இடைப்பட்ட சேலம், நாமக்கல் நிலத்தின் தலைக்கு மேலே ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேராக நிற்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒருமுறை. அந்த உச்சிப்பொழுதில் நட்ட கம்புக்கு நிழல் விழாது. மேகமில்லாத ஏப்ரல் நாளில் இங்கே ஒரு சதுர மீட்டர் நிலத்தில் இறங்கும் ஆற்றல் ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உணவுக் கணக்கில் சொன்னால் 5,000 கலோரிக்கும் மேல். உழைக்கும் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது இதில் பாதி. ஒருவர் சம்மணமிட்டு உட்காரும் இடத்தில் இரண்டு பேருக்கான ஒரு நாள் சாப்பாட்டின் ஆற்றல் தினமும் வந்து கொட்டுகிறது.

ஆனால் அதை நேராக உண்ண முடியாது. பாறையில் விழுந்தால் பாறை சுடும், ஓட்டில் விழுந்தால் வீடு வேகும். மாலைக்குள் எல்லாம் வெப்பமாகி வானத்துக்கே திரும்பிவிடும். இந்த வரவில் ஒரு சிறு பங்கைப் பிடித்துச் சேமிக்கத் தெரிந்தது பச்சை இலை ஒன்றுதான். நன்றாக விளைந்த வயலிலும் வந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கைச் சேமிப்பதே பெரிய காரியம். அந்த ஒரு பங்கில்தான் நாமும், நம் மாடும் ஆடும் கோழியும், வயலில் இறங்கும் மயிலும் பிழைக்கிறோம்.

அந்த ஒரு பங்கைப் பிடிக்கவும் இலை ஒரு விலை கொடுக்கிறது. கரியமில வாயுவை உள்ளே வாங்க இலை தன் நுண்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்த துளை வழியே நீர் ஆவியாக வெளியேறிவிடும். சோளமோ கம்போ ஒரு கிலோ எடை உலர்பொருளைக் கட்டுவதற்குச் சுமார் 300 லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறது. நெல்லுக்கு அது 700 லிட்டருக்குப் போகும். அப்படியானால் இந்த ஊரில் விளைச்சலை முடிவு செய்வது எது? வெயில் எல்லா ஆண்டும் மிச்சமாகவே இருக்கிறது. குறைவது நீர். வெயிலைப் பூட்டி வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு நீர்தான் திறவுகோல்.

நம் முன்னோர் இதை நாற்றிலும் கதிரிலும் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ஆற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் எட்டிய இடத்தில் மட்டும் நெல்லை வைத்துக்கொண்டு, மற்ற மேட்டு நிலத்தையெல்லாம் கம்புக்கும் சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் கொடுத்தார்கள். இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு திறமை உண்டு. இலைக்குள்ளேயே கரியமில வாயுவை இறைத்துச் செறிவாக்கி வைத்துக்கொள்ளும் தனி ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. அதனால் துளைகளைக் கொஞ்சமாகத் திறந்தே நிறைய மாவைக் கட்ட முடிகிறது. கடும் வெயிலில் நெல் திணறும்போது இவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். இந்த ஏற்பாட்டை ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் கரும்பு இலையை வைத்து விளக்கிக் காட்டியது 1966இல். ராசிபுரத்து மானாவாரிக்காரருக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை. அவருடைய களிச்சட்டியே அதற்குச் சான்று.

அந்த நீரும் சூரியன் கொடுப்பதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரை ஆவியாக்க, அதே உணவுக் கணக்கில், 580 கலோரி வேண்டும். அதைக் கொடுத்து அரபிக்கடலிலிருந்து நீரைத் தூக்கி, குடகு மலை உயரத்துக்கு ஏற்றிக் கொட்டுகிறது வெயில். அங்கிருந்து இறங்கும் வழியில் அந்த நீரைத் தடுத்து நிறுத்தத்தான் 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். 120 அடி நீர்மட்டம், 93.47 டிஎம்சி கொள்ளளவு. அணையில் தேங்கி நிற்பது சூரியன் செய்த உழைப்பு. அதன் மின்விளக்கு எரிவதும் அந்த உழைப்பில்தான்.

இந்த ஏற்பாட்டின் கண்ணிகளில் ஒன்று அறுந்த ஆண்டு தாது வருஷம்.

1876ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையாவது வரும் என்று காத்திருந்தார்கள், அதுவும் வரவில்லை. சென்னை ராஜதானியில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்போதைய சேலம் மாவட்டம் பெரியது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தன. வானம் மாதக்கணக்கில் மேகமின்றி நீலமாக நின்றது. அதாவது, மற்ற ஆண்டுகளைவிட அந்த ஆண்டில் இந்த மண்ணில் வெயில் அதிகம் விழுந்திருக்கும். சதுர மீட்டருக்கு 5,000 கலோரி நாள்தோறும் வந்து, பிடிக்க இலை இல்லாமல் வெறுமனே திரும்பிப் போயிற்று.

1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதத்தில் வைஸ்ராய் லிட்டன், பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். நிவாரண வேலைத்தளத்தில் மண் சுமக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். ஏறத்தாழ 1,600 கலோரி. இந்தக் கூலியில் ஆள் உயிரோடு வேலை செய்ய முடியாது என்று சென்னை ராஜதானியின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அந்த வாதம் ஏடுகளில் நீண்டுகொண்டே போனது. வேலைத்தளத்தில் ஆட்கள் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

சேலம் ஒன்றும் எட்டாத காட்டூர் அல்ல. 1862இலேயே சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. வேறு நாட்டில் விளைந்த தானியம் வந்து சேரப் பாதை இருந்தது. வந்ததும் உண்டு. ஆனால் சந்தையில் விலை ஏறியபோது அதை வாங்கக் காசு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? வேளாண் கூலிகளுக்கும் நெசவாளருக்கும் மழையோடு வருமானமும் நின்றுபோயிருந்தது. இதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறி இங்கிலாந்து போய்க்கொண்டும் இருந்தது.

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 லட்சம். செத்தவர்கள், பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமல் போன குழந்தைகள் எல்லாம் சேர்ந்து பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்துபோனது. மழையை மட்டும் காரணம் காட்டி இந்த எண்ணைக் கடந்து போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மழை ஓர் ஆண்டின் விளைச்சலைக் கொண்டுபோனது. உயிரைக் கொண்டுபோனதில் ஆட்சியின் கணக்குக்குப் பெரும்பங்கு உண்டு.

பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே குற்றவாளிக் கூண்டில் ஒருவர் நிறுத்தப்பட்டார். அவர் சூரியன்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிக் ஷ்வாபே என்பவர், ஆண்டுக்கணக்கில் வெயில் தெரிந்த நாளெல்லாம் சூரியனின் கரும்புள்ளிகளை எண்ணி வந்தார். அந்த எண்ணிக்கை ஏறி இறங்கும் ஒரு சுழற்சியில் இருக்கிறது என்று 1843இல் அறிவித்தார். சுழற்சியின் காலம் சராசரியாக 11 ஆண்டு என்பது பிறகு உறுதியானது. இந்தியாவின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சென்னை வானாய்வகம் 1813 முதல் எழுதி வைத்திருந்த மழைக்குறிப்பை எடுத்துக் கரும்புள்ளிக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சமும் வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. சூரிய ஒளியில் ஹீலியத்தின் கோட்டை இனம்கண்டவரும், நேச்சர் இதழைத் தொடங்கியவருமான நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து 1877 நவம்பரில் லண்டன் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். சேலத்திலும் கோயம்புத்தூரிலும் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, அந்தப் பஞ்சத்தின் காரணம் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று அறிவுலகம் பேசத் தொடங்கியது.

லாக்கியரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மழையை முன்கூட்டியே சொல்ல முடிந்தால் உயிர்களைக் காக்கலாம் என்பது நல்ல எண்ணம்தான். அந்த எண்ணத்திலிருந்து நமக்கு ஒரு பெரிய கொடையும் கிடைத்தது. பஞ்சத்துக்குப் பிறகு சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1893இல் லார்ட் கெல்வின் தலைமையில் கூடிய குழு, அதைக் கொடைக்கானலில் அமைப்பது என்று முடிவு செய்தது. தெற்கே இருக்கிறது, உயரத்தில் இருக்கிறது, தூசு குறைவு என்பவை காரணங்கள். 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானது. 1901இல் அங்கே கண்காணிப்பு தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்தே, கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகின் சூரிய இயல் புத்தகங்களில் இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் அந்த ஆய்வகத்தில் இருக்கின்றன. தாது வருஷத்தில் செத்தவர்களுக்கு இந்த நாட்டில் எழுந்த நினைவுச் சின்னம் எது என்று யாராவது கேட்டால் நான் கொடைக்கானலைச் சொல்வேன். அந்த வாயிலில் அவர்களைப் பற்றி ஒரு வரியாவது பொறிக்கப்பட வேண்டும்.

சூரியன் மீதான வழக்கு என்ன ஆயிற்று? 1904இல் இந்திய வானிலைத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணிதவியலாளர். தொடர்பு இருக்கிறதா என்று தோற்றத்தை வைத்துச் சொல்லாமல், உலகின் பல ஊர்களின் மழை, அழுத்தம், வெப்பநிலைக் குறிப்புகளை வாங்கி ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தார். கரும்புள்ளிக்கும் நம் மழைக்கும் இடையே நம்பி நடக்கக்கூடிய உறவு ஏதும் தேறவில்லை. அந்தத் தேடலில் அவருக்கு வேறொன்று கிடைத்தது. பசிபிக் பெருங்கடலின் கிழக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. 1920களில் அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். 1969இல் யாக்கப் பியர்க்னஸ் அதைப் பெரு நாட்டுக் கடலோரத்தின் எல் நினோ வெப்பத்தோடு முடிச்சுப் போட்டுக் காட்டினார். 1877 எல் நினோ, அறிந்தவற்றுள் மிக வலிமையானவற்றில் ஒன்று என்று இப்போது தெரிகிறது. பசிபிக்கில் வெயில் சூடாக்கிய நீர் வழக்கமான இடத்தில் நிற்காமல் கிழக்கே நகர்ந்துபோனதால் சேலத்துக்கு வரவேண்டிய மேகம் தடுமாறிவிட்டது.

அந்த வெப்பமும் சூரியனுடையதுதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் சூரியன் அனுப்பியதில் குறைவில்லை. 1978 முதல் செயற்கைக்கோள்கள் பூமிக்கு வெளியே நின்று அளந்து வருகின்றன. சூரியனை நோக்கி நிற்கும் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட். 11 ஆண்டுச் சுழற்சியில் இதில் வரும் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சூரியனின் மையத்தில் நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் சுமார் 40 லட்சம் டன் எடை முழுவதும் ஆற்றலாகவே போய்விடுகிறது. இப்படி 450 கோடி ஆண்டுக்கும் மேலாக எரிந்தும், அந்த உலை ஒருநாள்கூடத் தள்ளாடவில்லை. பூமியில் உயிர் தொடர்ந்து இருப்பதற்கு வெயிலின் அளவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் நிதானம். கடல் கொதிக்காமலும் ஒரேயடியாக உறையாமலும் இருக்க, அந்த நிதானமும் பூமியைப் போர்த்தியிருக்கும் காற்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. காற்றுப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதைய 15 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்கு இறங்கிவிடும். தாது வருஷத்தில் தவறு செய்தவர்கள் பூமியில்தான் இருந்தார்கள்.

பஞ்சம் அடங்கி மூன்றாண்டு ஆவதற்குள், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் ஒரு புதிய மன்னர் பட்டமேற்றார். விசாகம் திருநாள் ராமவர்மா ஆண்டது 1880 முதல் 1885 வரை ஐந்தே ஆண்டுகள். அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக மரவள்ளிக் கிழங்கை மக்களிடையே பரப்பியவர் என்று அவரைக் கேரளம் நினைவு வைத்திருக்கிறது. தென் அமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியா வந்தது. அதைத்தான் நம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்கிறோம். தண்டை வெட்டிக் குச்சியாக நட்டால் முளைப்பதால் வந்த பெயர்.

மழை தவறும் நிலத்துக்காகவே செய்தது போன்ற செடி அது. காற்று வறண்டால் மற்ற பயிர்களுக்கு முன்பே துளைகளை மூடிக்கொள்ளும். வறட்சி நீண்டால் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். மழை பெய்ததும் மறுபடி துளிர்க்கும். கதிர்ப் பயிருக்கு இருப்பது போலப் பூக்கும் வாரத்தில் மழை வராவிட்டால் எல்லாம் போச்சு என்ற ஆபத்து இதற்கு இல்லை. பத்து மாதமும் கிடைத்த வெயிலைக் கிடைத்தபோது பிடித்து மாவாக்கி மண்ணுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். சிறிது நாள் தாமதமாகத் தோண்டினாலும் கிழங்கு காத்திருக்கும். தோண்டி எடுத்த பிறகுதான் அதற்குப் பொறுமை இல்லை. இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். பச்சையாக உண்டால் நச்சாகும் பொருளும் அதில் உண்டு. தோலுரித்துக் கழுவி வேகவைத்துத்தான் உண்ண வேண்டும்.

வெயில்தான் இலைக்குள் மாவாகிறது என்பதைக் கண்ணால் காட்டியவர் ஜெர்மனியின் யூலியஸ் சாக்ஸ். 1860களில், இலையின் ஒரு பகுதியை மறைத்து வெயிலில் வைத்து, பிறகு அயோடின் விட்டுப் பார்த்தார். வெயில் பட்ட இடம் கருநீலமானது; மறைத்த இடம் ஆகவில்லை. நம் பள்ளிக்கூடங்களில் இன்றும் பிள்ளைகள் செய்யும் சோதனை அது. ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதே அயோடினை வீட்டில் வெட்டிய குச்சிக்கிழங்கில் ஒரு சொட்டு விடச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் தன் வயலில் அடித்த வெயிலை அது கருநீலமாகப் பார்க்கும்.

கிழங்கு ஜவ்வரிசியானது போரால். சிங்கப்பூர் 1942 பிப்ரவரியிலும் ஜாவா மார்ச்சிலும் ஜப்பானிடம் விழுந்தன. அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. அமெரிக்க மக்காச்சோள மாவும் வருவது அரிதானது. பர்மா விழுந்ததால் அரிசியும் இல்லை. அந்த நேரத்தில் மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், அங்கே மரவள்ளி மாவைக் கண்டு, மக்காச்சோள மாவுக்குப் பதிலாகச் சேலத்தில் கொண்டுவந்து விற்றார். பினாங்கிலிருந்து வந்து சேலத்தில் தங்கியிருந்த போபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரிந்திருந்தது. 1943இல் இருவரும் சேர்ந்து கைத்தொழிலாக அதைத் தொடங்கியதாகவே இத்தொழிலின் வரலாறு பதிவாகியிருக்கிறது. வெங்கடாசலக் கவுண்டர் என்ற சேலத்து மெக்கானிக், கையால் செய்த வேலைகளுக்கு இயந்திரங்களை உருவாக்கிக் கொடுத்தார். 1944இல் உணவுப் பஞ்சம் காரணமாக மாவட்டத்துக்கு வெளியே மரவள்ளிப் பொருட்களைக் கொண்டுபோக அரசு தடை விதித்தது. உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடிப் பேசி அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். தாது வருஷத்தில் சேலத்துக்கு இல்லாமல் போனது இதுதான்: தன் தேவையைத் தானே எழுதிக் கொண்டுபோய்ப் பேசும் ஓர் அமைப்பு.

எனக்குள் நெடுநாள் இருந்த கேள்வி ஒன்று. கிழங்கு கேரளத்தில் செழித்தது. ஆலைகள் மட்டும் ஏன் சேலத்தில் பெருகின? தொழில் தெரிந்த ஆட்கள் இங்கே இருந்தார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வெயில்தான் என்று நினைக்கிறேன். ஆலைக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, மாவுப்பாலை வடித்தெடுப்பார்கள். பால் தொட்டியில் தெளிந்ததும் அடியில் படிந்த ஈரமாவை எடுத்துக் குலுக்கி உருண்டையாக்கி, சலித்து, சூடான தட்டில் வறுப்பார்கள். அல்லது ஆவியில் வேகவைப்பார்கள். கடைசியாகக் களம். ஏக்கர் கணக்கில் விரிந்த சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பி, பெண்கள் வெறுங்காலோடு நடந்து, பலகையால் வாரி வாரிப் புரட்டிக் காயவைப்பார்கள். பால் வடித்த பிறகு மிஞ்சும் திப்பியும் அதே வெயிலில் காய்ந்து மாட்டுத் தீவனமாகும்.

ஈரமாவில் நீர் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கெடாமல் மூட்டை கட்ட அது 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஒரு டன் ஜவ்வரிசிக்குச் சுமார் 450 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும் என்று வருகிறது. அதை மின்சாரத்தில் செய்தால், சிறிதும் வீணாகாத உலர்த்தியிலேயே 300 யூனிட் ஆகும். சேலத்துக் களம் அந்தக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. பத்து மாதம் இலையில் விழுந்து மாவான அதே வெயில், களத்தில் விழுந்து அந்த மாவைக் காப்பாற்றவும் செய்கிறது. மலைக்கு மேற்கே நீண்ட மழைக்காலம் உள்ள ஊரில் இவ்வளவு பெரிய திறந்த களத்தை நம்பித் தொழில் நடத்துவது கடினம். சேலம், நாமக்கல்லில் மானாவாரிக்காரனை வாட்டிய அதே வறண்ட வானம் ஆலைக்காரருக்கு மூலதனமானது. மேகம் மூடினால் அன்றைய களம் முழுக்கத் தார்ப்பாய் போடும் ஓட்டம்தான். களத்தில் நிற்கும் பெண்களின் உடலில் அந்த வெயில் என்ன செய்கிறது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பேச வேண்டும். நிழற்கூடமும் குடிநீரும் உச்சிவேளை ஓய்வும் எல்லாக் களத்திலும் இருக்க வேண்டிய அடிப்படை.

1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் சேலத்தில் அமைந்தது. மாவையும் ஜவ்வரிசியையும் சேமித்து ஏலம் விட்டு விற்றுக்கொடுக்கும் பொது இடம் அது. அங்கிருந்து மூட்டைகள் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் லாரி ஏறுகின்றன. நவராத்திரியிலும் ஏகாதசியிலும் விரதமிருக்கும் புனே வீட்டில் சாபுதானா கிச்சடியாகச் சேலத்து வெயில் பரிமாறப்படுகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பளீர் வெண்மைக்காக ரசாயனம் போடுவதும் மக்காச்சோள மாவு கலப்பதும் இத்தொழிலை நெடுநாளாக உறுத்தும் புகார்கள். குறியீட்டுக்கு மதிப்பு வேண்டுமானால் இவை இரண்டும் நிற்க வேண்டும். வெயில் மட்டும் பட்டுக் காய்ந்த ஜவ்வரிசி சற்று மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கலைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கிழங்கு ஆலை வாசலுக்கு வந்ததும், அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று அளப்பார்கள். அந்த எண்ணுக்குப் 'பாயிண்ட்' என்று பெயர். டன்னுக்கு என்ன விலை என்பது பாயிண்ட்டை வைத்தே பேசப்படும். முற்றாத கிழங்கில் பாயிண்ட் குறைவு. அறுவடைக்குச் சற்று முன் மழை பெய்து செடி புதிதாகத் துளிர்த்திருந்தாலும் சேர்ந்த மாவு கரைந்து பாயிண்ட் இறங்கும். ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் நல்ல ரகங்களைக் கொடுத்திருக்கின்றன. ஒரு பாயிண்ட் கூடுவதற்குப் பின்னால் விவசாயியின் ஓராண்டு உழைப்பும் அந்த ஆராய்ச்சியும் இருக்கின்றன. சேலத்திலும் நாமக்கல்லிலும் விவசாயி, ஆலை உரிமையாளர், அதிகாரிகள் உட்காரும் முத்தரப்புக் கூட்டங்களில் விலை பேசப்படுகிறது. விலைக்கு முன் அளவையைப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். எல்லா ஆலையிலும் ஒரே மாதிரி, முத்திரையிட்ட கருவி. கிழங்கு கொண்டுவந்தவர் கண் முன்னே அளவு. அவர் கையில் எழுதிக்கொடுத்த சீட்டு.

அடுத்த பகுதியில் நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போகிறோம். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நாமக்கல்லின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மீதி நேரத்துக்கு எரியும் விளக்குகளின் வரலாறு அது.